கழுவிப் பார்த்த தண்ணீர்

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு மூன்று பேர் என்னிடம் டயட் கேட்டார்கள்.

பொள்ளாச்சியில் பியூட்டி பார்லர் வைத்து எத்தனையோ வருடம் ஆகிறது. என் இடுப்பைப் பார்த்து ஒருத்தி பெருமூச்சு விட்டது இதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் கண்ணாடியில் என்னையும் அவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து ஆறுதல் அடைந்து போவார்கள். அதற்கு நான் தனியாகக் கட்டணம் வாங்கியதில்லை.

எனக்கே தெரியாத டயட்டை எப்படிச் சொல்வது? ஒரு இட்லி தின்றால் கல்யாண விருந்து உண்டதுபோல நெஞ்சுக்கு ஏறி நிற்கிறது. இரண்டாவது இட்லியைப் பார்த்தால் அதுவும் என்னை வெறுப்போடு பார்க்கிறது. போன தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட்டுக்குள் இன்னொருத்தி குடியேறலாம். இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் வக்கீல் வீட்டு அம்மா ஃபேஷியலுக்குப் படுத்துக்கொண்டு, கண்மேல் வெள்ளரித் துண்டோடு, "சொல்லுங்க மணி. சொல்லாட்டி நான் எந்திரிக்க மாட்டேன்" என்கிறார். என் வாய் சும்மா இருக்குமா?

"கொத்தமல்லி வெதைய ராத்திரியே ஊற வெச்சுப்போட்டு, காலைல வெறும் வயித்துல அந்தத் தண்ணிய மட்டும் குடிக்கோணுங்க. கெழக்க பாத்துக் குடிக்கோணும்" என்றேன்.

கிழக்கு எதற்கு என்று கேட்காதே. சொன்னபிறகு கேட்க அழகாக இருந்தது.

புஷ்பலதா மெழுகுச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியபடியே என்னைப் பார்த்தாள். பார்லரில் எனக்குப் பாதிப் பங்காளி, என் வயதுதான், என் பொய்களில் மட்டும் பங்கு கேட்கமாட்டாள். அந்த அம்மா போனதும், "மரகதமணி, கதை உட்டது போதும். கோயமுத்தூர் போயி வயித்தக் காட்டு" என்றாள்.

"வைகாசி முகூர்த்தம் முடியட்டும்."

"சித்திரையிலயும் இதத்தான் சொன்ன."

ஜூன் 14, சனி

காட்டியாகிவிட்டது. தொண்டையில் எதையோ பீய்ச்சினார்கள், நாக்கு என்னுடையதில்லை என்று ஆனது. பிறகு பாதி மயக்கம். வாய் வழியாகக் குழாய்.

அந்தப் பாதி மயக்கத்தில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக்குள் டார்ச் வெளிச்சத்தோடு நுழைகிறேன். அது என் வயிறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பார்லருக்கு வாடகை இடம் பார்க்கப் போனவள்போலச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன். பந்தல் துணிபோல் அந்தச் சுவர் காற்றுக்கு அசையவேண்டும் என்று யாரோ சொல்கிறார்கள். ஊதுகிறார்கள். அசையவில்லை. தூரத்தில் நாதஸ்வரம். பொண்ணு இன்னும் வரலையா என்று கேட்டுக்கொண்டே விழித்தேன்.

"காத்து ஊதினா பலூன் மாதிரி விரியணும். உங்க வயிறு விரியல. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருக்கோம்" என்றார் குழாய் விட்டவர்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொப்பரை வியாபாரம். களத்தில் காயும் தேங்காய்ப் பருப்பை நின்ற இடத்திலிருந்தே பார்த்து, இது இன்னும் ஒரு வெயில் கேட்குது என்று சொல்லிவிடுவார். எண்ணெய் ஆலைக்காரர்கள் அவர் கண்ணை நம்பி விலை போடுவார்கள். என்னையும் அப்படித்தான் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு இளநீர் வாங்கித் தந்து, நான் பாதியில் வைத்ததைத் தான் குடித்தார்.

ஜூன் 17, செவ்வாய்

கொத்தமல்லித் தண்ணீர் ஆனைமலை போய்விட்டது. அங்கிருந்து த்ரெட்டிங்குக்கு வந்த ஒரு பெண், "இங்கத்த பார்லர்ல ஒரு அக்கா முப்பது கிலோ எறக்குனாங்களாமா, நீங்களா?" என்று கேட்டாள். தண்ணீரோடு இப்போது கருஞ்சீரகமும் சேர்ந்திருக்கிறது. வெள்ளித் தம்ளரில்தான் குடிக்கவேண்டுமாம். வேடிக்கை என்னவென்றால், என் எதிர்வீட்டுக்காரிக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. கதை பக்கத்தில் ஒட்டாமல் எங்கேயோ போய் ஒட்டியிருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

அறுவை டாக்டர் ஒரு பெண். சுபிக்ஷா என்று பெயர்ப்பலகை. இடது புருவம் வலதைவிட ஒரு நூல் உயரம். யார் செய்த அநியாயம் என்று தெரியவில்லை. வாழ்க்கையிலேயே முக்கியமான பேச்சைக் கேட்கவேண்டிய நேரத்தில் நான் அந்தப் புருவத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன். பாதிப் பேச்சு அதனால்தான் கனவுபோல இருக்கிறது.

புற்றுதான். அந்தச் சொல்லை அவர் மெதுவாகத்தான் வைத்தார், மேஜைமேல் கண்ணாடிக் கிண்ணம் வைப்பதுபோல.

"செல்லு மோதிரம் மாதிரி இருக்குதுங்க. அதோட பேரே அதுதான். இது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்காது. தனித்தனியா உதிரும்."

"தங்கமாவது இருக்குதுங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார்.

வயிற்றுச் சுவர் அடுக்கடுக்காக இருக்குமாம். உள்பக்கம் ஆரம்பித்தது ஊறி ஊறி வெளித்தோலைத் தொட்டுவிட்டால், அங்கிருந்து வயிற்றுக்குழிக்குள் உதிரும். விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். குடல்மேல், கல்லீரல் ஓரம், சினைப்பைமேல். பக்கத்து வீட்டை விட்டு ஆனைமலைக்குப் போவதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு அப்படி ஆயிருக்குமா?"

"ஸ்கேன்ல வெளி ஓரம் தெளிவா இல்ல. வயித்துல பெரும்பகுதி தடிச்சிருக்குது. பக்கத்துல நெறியும் கட்டியிருக்குது. செல்லும் உதிர்ற வகை. இது எல்லாமே வாய்ப்ப அதிகப்படுத்தற விஷயங்கதான். பொம்பளைங்களுக்கு, அதுவும் ஐம்பதுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு, இது கொஞ்சம் ஜாஸ்தி."

பெண்ணாய்ப் பிறந்ததும் ஒரு காரணம். என் மாமியார் இதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்திருந்தார். வயது இன்னொரு காரணம். எத்தனையோ காலமாக வயதைக் குறைத்துச் சொல்லியே வந்தவளுக்கு, இன்றைக்குத்தான் அறுபது என்று சொல்லிப் பார்க்கலாமா என்று இருந்தது.

"இப்ப முடிவு பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு" என்றார் டாக்டர். "உதிர்ந்திருச்சா, இல்லையா. வயித்துல சின்னதாத் தொளை போட்டு கேமரா விட்டுப் பாப்போம். அப்புறம் உப்புத் தண்ணி ஊத்திக் கழுவி, அந்தத் தண்ணிய எடுத்து மைக்ராஸ்கோப்புல பாப்போம். கண்ணுக்குத் தெரியாததுகூட தண்ணியில மிதக்கும். உதிரலைன்னா மருந்து குடுத்துட்டு வயித்த எடுத்தரலாம், குணமாகறதுக்கு வழி இருக்குது. உதிர்ந்திருந்தா, இப்ப வயித்த எடுத்துப் பிரயோசனம் இல்லைங்க. மருந்து மட்டும்தான்."

திரும்பி வரும் பஸ் கிணத்துக்கடவைத் தாண்டியது. சாரல் பஸ் ஜன்னலில் கோடு கோடாக இறங்கியது. "கேமராவுல பாத்தாத் தெரிஞ்சுரும்" என்றார் சென்னியப்பன். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. ஜன்னலுக்குச் சொன்னார்போல.

ஜூன் 23, திங்கள்

நங்கையா வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. வேன் பிடித்துப் பத்துப் பேரோடு நலம் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்கினால் சுவர் எழுப்பலாம். ஏற்கெனவே சொல்லி வைத்ததுபோல் இருவரும் "அல்சருங்க" என்றோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எங்கள் வீட்டு விஷயம் எல்லோருக்கும் பொதுச்சொத்து.

"காரத்தக் கொறைக்கோணும் அம்முணி. வாயக் கொறச்சாலே வயிறு சரியாப் போயிரும்" என்றார் நங்கையா. இரண்டாவது வாக்கியம் சாப்பாட்டைப் பற்றியதில்லை.

போகும்போது மெல்லக் காதில் கேட்டார்: "அந்தக் கொத்தமல்லித் தண்ணி, கெழக்க பாத்தா, வடக்க பாத்தா?"

ஜூன் 26, வியாழன்

மத்தியானம். வாடிக்கையாளர் இல்லை. சாய்வு நாற்காலியில் படுத்தால் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. நடுவில் எங்கேயோ வைத்திருக்கிறார்கள். சாரல் சத்தம். புஷ்பலதா துண்டு மடிக்கிற சத்தம். என்னை யாரோ ஈரத் துணியில் பொதிந்து அலமாரியில் வைத்ததுபோல.

நாளைக்கு ஆஸ்பத்திரி.

ஜூன் 28, சனி

நேற்று நடந்ததை இன்றைக்கு எழுதுகிறேன். தொப்புள் பக்கம் சின்னச் சின்னதாக மூன்று ஒட்டுத்துணி. தோள்பட்டையில் வலி. வயிற்றுக்குள் காற்று அடித்ததால் அப்படித்தான் இருக்குமாம்.

மயக்கத்தில் மறுபடி அந்த மண்டபம். இந்தத் தடவை கணுக்கால்வரை தண்ணீர். எனக்குத் தெரிந்த பெண்களெல்லாம் பட்டுப்புடவையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், தண்ணீர்மேல் மெல்ல மிதந்து போகிறார்கள். வக்கீல் வீட்டு அம்மா கண்மேல் வெள்ளரியோடு. நங்கையா வெள்ளித் தம்ளரோடு. பந்தி போட்டிருக்கிறார்கள், இலைகளும் மிதக்கின்றன. நான் வாசலில் சந்தனக் கிண்ணம் ஏந்தி நின்று, ஒவ்வொருத்தியிடமும், "தண்ணிக்குள்ள மோதரம் விழுந்துச்சுங்களா, பாத்தீங்களா?" என்று கேட்கிறேன். எல்லோரும் சிரித்துத் தலையாட்டுகிறார்கள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அது தெரியவில்லை. குனிந்து தண்ணீரைத் துழாவுகிறேன். வெதுவெதுப்பாக, சுகமாக இருக்கிறது. கையில் ஒன்றும் அகப்படவில்லை. பயமும் இல்லை. விழித்தபிறகுதான் பயம் வந்தது.

கண்ணைத் திறந்தால் என் வீட்டுக்காரர் முகம். சிரிக்கிறார். அவர் சிரித்து இந்த வருடம் நான் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்ல அம்முணி. டாக்டரு சொல்லிப்போட்டாங்க. உள்ள பூராத்தையும் பாத்தாங்களாம். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலைன்னாங்க."

"தண்ணி?"

"எந்தத் தண்ணி?"

"கழுவுன தண்ணி."

"அது என்னமோ, அனுப்பிருக்காங்க. ஒரு வாரம் ஆகுமாமா. அதெல்லாம் சம்பிரதாயம். பாத்ததுல இல்லைன்னா இல்லதான?"

கொப்பரையைக் கண்ணால் பார்த்து விலை சொல்லியே வாழ்ந்த மனுஷன். நான் தலையாட்டினேன். டாக்டர் என் செல் நம்பரைத்தான் குறித்துவைத்திருக்கிறார் என்று நினைவு வந்தது.

ஜூன் 30, திங்கள்

வீட்டில். அவர் களத்து ஆட்களுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தாராம். எண்ணெய் ஆலைக்காரர், டீக்கடை, எதிர்வீடு எல்லோருக்கும் "அல்சர் க்ளியருங்க" என்று சொல்லியிருக்கிறார். என் அல்சர் எதிர்வீட்டுக்காரிக்கு அப்போதுதான் தெரியும்; தன்னிடம் சொல்லவே இல்லையே என்று கோபித்துக்கொண்டு போனாள். பாவம், அவளுக்கு எல்லாமே தாமதம்.

எனக்கு ஒன்றரை இட்லி இறங்கியது. அவர் அதை எட்ட நின்று பார்த்துவிட்டு, யாருக்கோ போன் போட்டுச் சொன்னார்.

ஜூலை 2, புதன்

நங்கையாவுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. கிழக்கே பார்த்துத்தான் குடித்தாராம். கொத்தமல்லித் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள், அது நான் சும்மா விட்ட கதை என்று இன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. ரகசியத்தை மறைக்கிறேன் என்கிறார்கள். கதை காற்றாகப் பறந்து போனது. திருத்தம் வாசலைத் தாண்டவில்லை.

ஜூலை 3, வியாழன்

வக்கீல் வீட்டு அம்மா முகத்தில் முல்தானி மட்டி பூசிவிட்டுக் கை கழுவும்போது போன்.

"மரகதமணிதானுங்களா? சுபிக்ஷா பேசறேன். தண்ணி ரிப்போர்ட் வந்திருக்குதுங்க."

"சொல்லுங்க."

"தண்ணியில செல் இருக்குதுங்க."

கண்ணாடியில் ஒரு பெண் காதில் போனோடு நின்றாள். ஒரு கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல உயரம், ஒல்லி. யாரோ என்று நினைத்தேன்.

"கூட யாராச்சும் இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இருக்காங்க. மூஞ்சி பூரா மண்ணப் பூசிட்டுப் படுத்திருக்காங்க."

அவர் நிதானமாகச் சொன்னார். இப்போதைக்கு வயிற்றைத் தொடவேண்டாம். மருந்து ஆரம்பிப்போம். சில மாதம் கழித்து மறுபடி கேமரா விட்டு, மறுபடி கழுவிப் பார்ப்போம். சிலருக்குத் தண்ணீர் சுத்தமாகிவிடுகிறது. அப்போது அறுவையைப் பற்றிப் பேசலாம். சிலருக்கு ஆவதில்லை. "பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன். நம்பிக்கையே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரரக் கூட்டிட்டு அடுத்த புதன் வாங்க."

"சரிங்க. உங்க எடது புருவத்த மட்டும் நான் ஒரு நா சரி பண்ணித் தர்றனுங்க" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். முதல் தடவையாக.

"யாரு போன்ல?" என்றார் வக்கீல் வீட்டு அம்மா, முகம் அசையாமல்.

"தண்ணி லாரிக்காரருங்க. பேசாதீங்க, மண்ணு வெடிச்சுரும்."

மண் நன்றாகக் காயும்வரை நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றியது.

ஜூலை 4, வெள்ளி

இன்றைக்கும் அவரிடம் சொல்லவில்லை. மழை.

ஜூலை 5, சனி

சொல்ல வாயெடுத்தேன். வாயிலிருந்து தாசில்தார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன கதை வந்தது. சாதாரணமாக அவர் டிவியைப் பார்த்தபடி ம் கொட்டுவார். இன்று டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். "அப்புறம்?" என்றார். நான் இல்லாத ஒரு கொழுந்தனை இடையில் நுழைத்து நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார். கொழுந்தனுக்கு என்ன பெயர் வைத்தேன் என்று மறந்துவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

புஷ்பலதா போன் பண்ணி, "தண்ணி ரிப்போர்ட் வந்துருச்சா?" என்றாள். இவளிடம் சொல்லிவிட்டால் அழுதுவிடுவாள். அழுதால் எனக்குச் சுலபம். "இன்னும் வரல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். அது முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வேறு எங்கேயும் போய் ஒட்டிவிடக்கூடாது.

அவர் ஆடிப்பெருக்குக்குப் பவானி போகலாம் என்கிறார். கார் பேசிவிட்டாராம்.

ஜூலை 7, திங்கள்

சாப்பாட்டுக் கூடையோடு நானே களத்துக்குப் போனேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சிமெண்டுத் தளம் முழுக்கக் கொப்பரை, வெள்ளை வெள்ளையாகக் கவிழ்ந்தும் மல்லாந்தும். வெயில் இருந்தது. தேங்காய் வாசனை. உட்கார்ந்தால் அப்படியே உறங்கிவிடலாம்போல இருந்தது.

"நீ எதுக்கு வந்த? வயித்துல தையலு இருக்குது" என்றார்.

சொல்லலாம் என்று நிற்கும்போது பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பியது. சாரல் வருகிற வாசனை. அவர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார். நான் இந்தப் பக்கத்து முனையைப் பிடித்தேன். "வேண்டாம், கனமா இருக்கும்" என்று அங்கிருந்து கத்தினார். நான் விடவில்லை. தார்ப்பாய் எங்களுக்கு நடுவில் வீங்கி எழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவர் தலை மட்டும் தெரிந்து தெரிந்து மறைந்தது. முகம் முழுசாகத் தெரியாதபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"ஏனுங்க, டாக்டரு போன் பண்ணியிருந்தாங்க."

"எப்ப?"

"வியாழக்கெழம."

தார்ப்பாய் தாழ்ந்தது. அவர் நின்றுவிட்டார்.

"தண்ணியா?"

"ஆமாங்க. தண்ணியில இருக்குதாம். இப்பத்திக்கு ஆப்பரேசன் இல்லைங்க. மருந்துதான். அப்புறம் மறுபடி கழுவிப் பாப்பாங்களாம். சில பேருக்குச் சுத்தமாயிருதாம்."

அவர் கொப்பரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்குத்தான்."

"புஷ்பாவுக்கு?"

"இல்லீங்க."

"அக்காளுக்கு?"

"இல்லீங்க."

முதல் தூறல் விழுந்தது. தார்ப்பாய்மேல் பட் பட்டென்று சத்தம்.

"கண்ணாலமாயி இத்தன வருசத்துல" என்றார், "ஊருக்குத் தெரியறதுக்கு முன்னால எனக்குன்னு ஒரு சேதி கொண்டாந்திருக்கற. அது இதா அம்முணி?"

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அதை நான் எழுதப்போவதில்லை.

அவர் தன் முனையைக் கட்டாமல், தார்ப்பாயைக் கையில் சுருட்டிக்கொண்டே கொப்பரைமேல் நடந்து என்னிடம் வந்தார். காலடியில் பருப்பு நொறுங்கியது. வந்து, நான் பிடித்திருந்த முனையை என் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுக்களத்தில், பட்டப்பகலில், ஆட்கள் திரும்பி வருகிற நேரத்தில்.

மழை வலுத்தது.

"கொப்பரை நனையுதுங்க" என்றேன்.

"நனையட்டும்" என்றார்.